645 பொருள் உடைய சொல்: ‘ரன்’ என்னும் ஆங்கில வினையும் பொருளை எண்ணும் முறையும்

1. எண்ணும் அதன் பின்னுள்ள கேள்வியும்

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணி 2011-இல் ‘ரன்’ என்னும் சொல்லை எட்டியது. அகராதியியலாளர் பீட்டர் கில்லிவர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் செலவிட்டு, அதன் வினை வடிவத்துக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். பெயர்ச்சொல்லாக வரும் ‘ரன்’ இந்தக் கணக்கில் சேராது. நெடுங்காலம் பொருள் மிகுந்த ஆங்கிலச் சொல் என்று பெயர் பெற்றிருந்தது ‘செட்’. அந்தப் பட்டம் இப்போது ‘ரன்’னுக்குப் போயிற்று. பொது அறிவு நூல்களும் வினாடி வினாக்களும் அன்றுமுதல் இந்த எண்ணைச் சலிக்காமல் சொல்லிவருகின்றன. ஆங்கிலத்தின் வளத்துக்குச் சான்றாகச் சிலரும், அதன் குழப்பத்துக்குச் சான்றாக வேறு சிலரும் இதைக் காட்டுகிறார்கள். இரு சாராருமே 645 என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கும் ஒன்று, கில்லிவர் செய்தது எண்ணிச் சொன்னது மட்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மாதுளையைப் பிளந்து முத்துகளை எண்ணுவதுபோல ஒரு சொல்லின் பொருள்களை எண்ண முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. முடியாது என்பது என் முடிபு. அந்த எண்ணில் ஆங்கில இலக்கணத்தின் ஒரு விபத்தும், அகராதி அமைப்பின் ஒரு மரபும், திருத்தப் பணி நடந்த வரிசையும் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்த பிறகே சொல்லின் உண்மையான வரலாறு தெரியவரும்.

2. பட்டம் கைமாறிய விதம்

பொதுச்சொல்லின் பொருள் பெருக்கம் அகராதிக்காரர்களை அலைக்கழிப்பது புதிதன்று. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியில் மிக நீண்ட பதிவு ‘டேக்’ என்பதற்குரியது, 134 பொருள்கள். அதன் முன்னுரையில், மூலக் கருத்திலிருந்து வெகுதூரம் விலகி, எந்த வரையறைக்குள்ளும் நிற்காமல் திரியும் ஒரு வினைக்கூட்டம் தம் உழைப்பைப் பெருக்கிவிட்டதாக அவர் நொந்துகொள்கிறார். அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடும் வினைகளில் ‘ரன்’னும் உண்டு. ஆயினும் அவர் கணக்கில் முதலிடம் ‘டேக்’குக்கே. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 20 தொகுதிகள் கொண்ட இரண்டாம் பதிப்பில் (1989) முதலிடம் ‘செட்’டுக்கு, வினைக்கு 430 பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்கள் நீளமுள்ள பதிவு. மூன்றாம் பதிப்புக்கான திருத்தத்தில் 2000-இல் ‘மேக்’ அதை முந்தியது, 2007-இல் ‘புட்’, 2011-இல் ‘ரன்’.

இந்த வரிசையை ஒருமுறை கூர்ந்து பார்க்க வேண்டும். மேக், புட், ரன் மூன்றும் ஆங்கில நெடுங்கணக்கில் எம், பி, ஆர் ஆகிய எழுத்துகளில் தொடங்குபவை. மூன்றாம் பதிப்பின் திருத்தம் தொடங்கியதும் எம் எழுத்தில்தான். அங்கிருந்து நெடுங்கணக்கின்படி முன்னேறியது. ஆகவே பட்டம் மாறிய வரிசையும் திருத்துநர்கள் நடந்த வரிசையும் ஒன்றே. எஸ் எழுத்தில் தொடங்கும் ‘செட்’ 2011-இல் இன்னும் திருத்தப்படவில்லை. புதிய சான்றுகளோடு புதிதாக எழுதப்பட்ட பதிவையும், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய உழைப்பில் உருவான பதிவையும் ஒரே தராசில் வைத்து, ‘ரன்’ வென்றது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம். பந்தயத்தில் ஒருவர் ஓடி முடித்துவிட்டார். மற்றவர் இன்னும் காலணிக் கயிற்றைக் கட்டவில்லை.

வேறோர் அளவுகோலை எடுத்தால் வரிசையே மாறுகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1980-களின் நடுவில் தொடங்கிய ‘வேர்ட்நெட்’ என்னும் கணினிச் சொற்களஞ்சியம், வினையாகிய ‘ரன்’னுக்கு 41 பொருள்களே தருகிறது. அதே களஞ்சியத்தில் ‘பிரேக்’ என்னும் வினைக்கு 59. ஒரே மொழி, ஒரே சொல். ஒரு கணக்கில் 645, இன்னொன்றில் 41. ஒன்றில் முதலிடம், இன்னொன்றில் அதுவும் இல்லை. வழக்கொழிந்த பொருள்களை ஆக்ஸ்ஃபோர்டு ஒதுக்குவதில்லை, வேர்ட்நெட் அவற்றைத் தேடுவதில்லை என்பது இந்த வேறுபாட்டின் ஒரு பகுதியை விளக்கும். ‘ரன் அவுட்’, ‘ரன் ஓவர்’, ‘ரன் இன்டு’ போன்ற துணைச்சொல் கூட்டுகள் மற்றொரு பகுதியை விளக்கும். ஆக்ஸ்ஃபோர்டு இவற்றை ‘ரன்’ என்னும் தலைச்சொல்லின் கீழேயே வைக்கிறது. வேர்ட்நெட் தனித்தனிச் சொற்களாகப் பதிகிறது. தீர்ந்துபோதல், வண்டி ஏறி நசுக்குதல், எதிர்பாராமல் சந்தித்தல் ஆகிய மூன்றும் ‘ரன்’னின் பொருள்களா, அல்லது மூன்று கூட்டுச்சொற்களின் பொருள்களா? இதற்கு விடை சொல்லாமல் எண்ணத் தொடங்கவே முடியாது. விடை சொல்வதோ அகராதியின் அமைப்பு, சொல்லன்று.

நம் நிகண்டு மரபு இதே சிக்கலை வேறொரு வழியில் தீர்த்தது. திவாகரத்தில் பதினோராம் தொகுதி ஒருசொல் பல்பொருளுக்கு உரியது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் அந்தத் தொகுதி எதுகை வரிசையில் அமைந்தது. திண்ணைப் பள்ளி மாணவர்கள் மனப்பாடம் செய்ததும் அதைத்தான். அங்கே ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்பதில் செய்யுளின் அடிக்கும் பங்கு உண்டு. அடிக்குள் அடங்கியது சேர்ந்தது, அடங்காதது நின்றது. நிகண்டு பெரும்பாலும் பெயர்ச்சொற்களின் உலகம் என்பதால் ‘ஓடு’ போன்ற ஒரு வினையின் பெருக்கம் அங்கே முழுமையாக வெளிப்பட வாய்ப்பும் இல்லை. யாப்பு வைத்த எல்லை நமக்குச் செயற்கையாகத் தெரிகிறது. ஆக்ஸ்ஃபோர்டு வைத்த எல்லை அப்படித் தெரியாததற்குக் காரணம், அது உரைநடையில் இருப்பதுதான்.

3. இரண்டு வினைகள் ஒன்றான கதை

645-இன் பின்னால் இருப்பவற்றுள் மிகச் சுவையானது இலக்கண வரலாறு. இன்று ‘ரன்’ என வழங்குவது ஒரு வினையன்று. ஒன்றாகக் கரைந்த இரண்டு வினைகள். பழைய ஆங்கிலத்தில் தானே ஓடுவதற்கு ஒரு வினையும் (‘இர்னன்’), ஓடச் செய்வதற்கு, குறிப்பாகக் குதிரையை ஓட்டுவதற்கு, மற்றொரு வினையும் (‘ஆர்னன்’) இருந்தன. முன்னது தன்வினை, பின்னது அதிலிருந்து பிறந்த பிறவினை. இந்த இணையின் உடன்பிறப்புகள் ஜெர்மானிய மொழிகளில் பரவலாக உண்டு. இன்றைய ஜெர்மன் மொழியில் நீர் வழிந்தோடுவதற்கு ‘ரின்னன்’, விரைந்து ஓடுவதற்கு ‘ரென்னன்’ என இரண்டும் தனித்தே வாழ்கின்றன. பொருள் மட்டும் சற்று இடம் மாறியிருக்கிறது. இங்கிலாந்தில் குடியேறிய வடநாட்டார் பேசிய நார்ஸ் மொழியின் வடிவங்களும் வந்து கலக்க, இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இடையிலிருந்த வேலி விழுந்தது. அதனால்தான் இன்று பேருந்தும் ‘ரன்’ செய்கிறது, பேருந்தை நடத்தும் நிறுவனமும் அதை ‘ரன்’ செய்கிறது. குளியல்தொட்டியில் நீர் ஓடுவதற்கும், ஒருவர் குழாயைத் திறந்து நீரை ஓடவிடுவதற்கும் அதே சொல்தான்.

தமிழில் இந்த வேலி விழவில்லை. ஆடு – ஆட்டு, கூடு – கூட்டு என்பவற்றைப் போலவே ஓடு – ஓட்டு என்னும் இணையும் டகரம் இரட்டித்துத் தன்வினையையும் பிறவினையையும் பிரித்துவைக்கிறது. பேருந்து ஓடுகிறது, ஓட்டுநர் ஓட்டுகிறார். நாள் ஓடுகிறது, வருமானமில்லாதவர் நாளை ஓட்டுகிறார். வியாபாரமில்லாத கடைக்காரர் ஈ ஓட்டுகிறார். தமிழ் அகராதி எதைத் திறந்தாலும் ‘ஓடு’ ஒரு தலைச்சொல், ‘ஓட்டு’ மற்றொன்று. இரண்டின் பொருள்களையும் ஒரே பதிவில் கொட்டிவிட்டு எண்ணினால் தமிழ்ச் சொல்லின் கணக்கும் ஒரே நாளில் வீங்கிவிடும். ஆங்கிலம் அதைச் செய்ய நேர்ந்தது வளத்தால் அன்று, வடிவ இழப்பால். பொருள்களின் எண்ணிக்கை கூடியதற்கு மொழி ஒரு வேறுபாட்டைத் தொலைத்ததும் காரணம் என்பதை, அந்த எண்ணைப் பெருமையாகச் சொல்பவர்கள் கவனிப்பதில்லை.

ஒலி ஒற்றுமையையும் இங்கே கழித்துவிட வேண்டும். கூரை ஓடு, ஆமை ஓடு, ‘அவனோடு’ என்பதில் வரும் வேற்றுமை உருபு, கால்களால் ஓடு ஆகியவை வடிவத்தில் ஒன்றானாலும் ஒரு சொல்லின் பல பொருள்கள் அல்ல. ஒலியில் மட்டும் சந்தித்த வேறு வேறு சொற்கள். தேர்தலில் போடும் ‘ஓட்டு’ ஆங்கிலத்திலிருந்து வந்து, வண்டி ஓட்டுவதோடு தற்செயலாக ஒலியொத்துப்போனது. இவற்றைப் பிரிப்பது எளிது. ‘ரன்’னில் நடந்ததோ இதன் மறுதலை: வேறாக இருந்த இரண்டு, உறவுடையவை என்பதாலேயே ஒன்றாயின. ஒலியொப்புக்கும் பல்பொருளுக்கும் நடுவே நிற்கும் இந்த வகைக்கு நம் பாடநூல்களில் பெயரில்லை.

4. வேகமான காலம் என்னும் விளக்கம்

‘ரன்’ ஏன் இவ்வளவு பெருத்தது என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் வரலாற்றை எழுதிய சைமன் வின்செஸ்டர் 2011-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரை அதைப் பரப்பியது. ‘செட்’ அமர்ந்த, நிலைத்த காலத்தின் வினை. ‘ரன்’ இயந்திரங்களும் பரபரப்பும் மிகுந்த நம் காலத்தின் வினை என்பது அதன் சாரம். இதில் ஓர் உண்மை இருக்கிறது. நீராவி எந்திரம், ரயில், மின்மோட்டார், கணினி நிரல் என்று புதிதாக வந்தவற்றுக்கெல்லாம் ஆங்கிலம் தனித்தனி வினை படைக்காமல் ‘ரன்’னையே பயன்படுத்தியது, ஒவ்வொன்றும் அகராதியில் ஒரு கிளையாயிற்று.

ஆனால் காரணம் என்ற அளவில் இந்த விளக்கம் நிற்காது. முதலாவது, பொறி இயங்குவதற்கு ‘ரன்’ வழங்கியது நீராவிக்கு வெகு முன்பே, 16ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆறு ஓடுவதும், காலம் ஓடுவதும், வேலி இன்ன திசையில் ஓடுவதும் அதற்கும் முந்தையவை. தொழிற்புரட்சி ஏற்கெனவே அகன்றிருந்த ஒரு வாய்க்காலில் பாய்ந்ததே தவிர, வாய்க்காலை வெட்டவில்லை. இரண்டாவது, அண்டை மொழிகளைப் பார்க்க வேண்டும். பிரான்ஸ் தொழில்மயத்தில் பின்தங்கிய நாடன்று. ஆயினும் பிரெஞ்சில் இயந்திரம் ஓடுவதில்லை, ‘மார்ஷே’ என்னும் வினையால் நடக்கிறது. மொழியின் வினையைக் கொண்டு காலத்தின் வேகத்தை அளக்கலாம் என்றால், பிரெஞ்சு எந்திரங்கள் மெதுவானவை என்று முடிவுகட்ட வேண்டியிருக்கும்.

தமிழ் இன்னும் வேடிக்கையான சான்று தருகிறது. இங்கே எந்திரமும் கடிகாரமும் திரைப்படமும் ஓடுகின்றன. கடையும் பள்ளியும் கூட்டமும் குடும்பமும் நடக்கின்றன. ஆங்கிலேயர் ‘ரன்’ செய்யும் நிறுவனத்தைத் தமிழர் நடத்துகிறார். ஆசிரியர் பாடத்தை நடத்துகிறார், ஊர்கூடித் திருவிழாவை நடத்துகிறது. நடப்பு, நடத்தை, நடைமுறை, நடவடிக்கை என்று ஒரு பெருங்குடும்பமே ‘நட’ என்பதிலிருந்து கிளைத்திருக்கிறது. ஆங்கிலத்தின் ‘வாக்’ இவற்றில் எதையும் செய்வதில்லை. அதாவது ‘ரன்’ என்னும் ஒரே சொல் தூக்கும் சுமையைத் தமிழில் ஓடு, ஓட்டு, நட, நடத்து, இயங்கு, இயக்கு, போ ஆகியவை பங்கிட்டுக்கொள்கின்றன. பங்கீடு எப்படி நிகழ்ந்தது என்பதற்கு அந்தந்தச் சொல்லின் வரலாற்றில் காரணம் தேடலாம். இனத்தின் இயல்பிலோ காலத்தின் துடிப்பிலோ தேடுவது பயனற்றது. தேர்தலை எடுத்துக்கொண்டால் இது பளிச்சென்று தெரியும். அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ செய்கிறார். 19ஆம் நூற்றாண்டில் அங்கே எழுந்த வழக்கு அது. பிரிட்டனில் வேட்பாளர் நிற்கிறார். பிரிட்டனின் தேர்தல் முறையோடு வளர்ந்த நம் ஊரிலும் நிற்கவே செய்கிறார். நிற்பவர் ஓடுபவரைவிடக் குறைவாக அலைந்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

5. மாற்றுச்சொல் என்னும் சோதனை

எல்லையை அகராதிக்காரர் விருப்பப்படி போடுவதில்லை. அதற்குச் சோதனை உண்டு என்று வாதிடலாம். அவற்றுள் பழையது மாற்றுச்சொல் சோதனை. இரண்டு இடங்களில் ஒரு சொல்லுக்கு வேறு வேறு ஒருபொருட் சொற்கள் பொருந்துமானால், அங்கே இரண்டு பொருள்கள் உள்ளன என்பது அதன் விதி. ஆறு ‘ரன்’ செய்யும்போது ‘ஃப்ளோ’ பொருந்தும், கைதி செய்யும்போது ‘ஃப்ளீ’, நிறுவனத்துக்கு ‘மேனேஜ்’, எந்திரத்துக்கு ‘ஆப்பரேட்’, கள்ளச்சரக்குக்கு ‘ஸ்மகிள்’. ஐந்தும் தம்முள் ஒத்தவை அல்ல. எனவே ‘ரன்’னுக்கு ஒருபொருட் சொல் என்று ஒன்றுமே கிடையாது, அதன் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே உண்டு. பீட்டர் மார்க் ரோஜெட் 1852-இல் வெளியிட்ட சொற்களஞ்சியம் கருத்துகளை 1000 தலைப்புகளில் அடுக்கியது. இத்தகைய சொல் அங்கே ஒரு வீட்டில் குடியிருக்க முடியாது. ஊரெல்லாம் சிதற வேண்டியதுதான்.

சோதனை பயனுள்ளது, ஆனால் அதன் அடித்தளம் ஆடுகிறது. ‘ரன்’னைப் பிரித்துக்காட்டும் மாற்றுச்சொற்கள் பல, ஆங்கிலம் பிற மொழிகளிடம் பெற்றவை. ‘ஆப்பரேட்’ லத்தீன் வழி வந்தது; ‘மேனேஜ்’ குதிரையைப் பழக்குவதைக் குறித்த இத்தாலியச் சொல்லின் வழி வந்தது. ஓடு என்னும் பொருளுடைய லத்தீன் வினை ‘குர்ரெரெ’. அதன் வழித்தோன்றல்கள் ஆங்கிலத்தில் நிறைந்திருக்கின்றன: கரன்ட், கரன்சி, கோர்ஸ், காரிடார், கூரியர், கர்சர். தமிழ்த் தெருவிலும் தாராளமாகப் புழங்கும் இந்த ஆறும் ஓட்டம் என்ற ஒரே கருத்தின் ஆறு உடைகள். மின்சாரம் பற்றிப் பேச ஆங்கிலம் லத்தீன் ஓட்டத்தைக் கடன் வாங்கியது. நம் அறிவியல் நூலார் ‘மின்னோட்டம்’ என்று சொந்த ஓட்டத்தைப் பயன்படுத்தினர். கடன் வாங்கிய இடத்தில் ஒரு புதுச் சொல்லும், வாங்காத இடத்தில் பழைய சொல்லுக்கு ஒரு புதுப் பொருளும் பிறக்கின்றன. ஆகவே மாற்றுச்சொல் சோதனை அளப்பது பொருள் வேறுபாட்டை மட்டுமன்று. அந்த மொழி எங்கெங்கே கடன்பட்டது என்பதையும்தான்.

இரண்டு சொற்கள் முற்றிலும் ஒருபொருளன ஆகா என்ற எச்சரிக்கை நம் இலக்கணத்துக்குப் பழையது. கொடுத்தல் என்ற ஒரே செயலுக்கு ஈ, தா, கொடு என மூன்று சொல் இருப்பதைக் கண்ட தொல்காப்பியம், கேட்பவர் தாழ்ந்தவராயின் ஈ, ஒத்தவராயின் தா, உயர்ந்தவராயின் கொடு என்று பிரித்தது. செயல் ஒன்று, சொல்லைத் தீர்மானித்தது மனிதருக்கிடையிலான படிநிலை. இன்று அந்தப் பாகுபாடு பேச்சில் இல்லை. ‘ஈ’ செய்யுளுக்குள் ஒதுங்கிவிட்டது. மூன்றையும் ஒருபொருட் பன்மொழி என்று இன்றைய அகராதி எழுதுவதும், வேறு வேறு என்று பழைய இலக்கணம் எழுதியதும் தத்தம் காலத்தில் சரியே.

6. மூன்று மறுப்புகள்

மொழிபெயர்ப்பு மேலும் கறாரான சோதனை அல்லவா என்று கேட்கலாம். ‘ரன்’னுக்குத் தமிழில் ஓடு, ஒழுகு (மூக்கு), அடி (காய்ச்சல்), நில் (தேர்தல்), நடத்து, தீர், வெளியிடு என்று பல வினைகள் தேவைப்படுகின்றன, ஆகவே குறைந்தது அத்தனை பொருள்களாவது அதற்கு உண்டு என்பது வாதம். கவர்ச்சியான வாதம்தான். இதை ஏற்றால் ‘அங்கிள்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் பெரியப்பா, சித்தப்பா, மாமா எனப் பல பொருள்கள் இருப்பதாகக் கொள்ள வேண்டும். ஆங்கிலம் பேசுபவருக்கு அப்படித் தோன்றாது. அவருக்கு அது ஒரே உறவு. நாம் காணும் வேறுபாடு நம் உறவுமுறையின் வேறுபாடு. மொழிபெயர்ப்பு இரண்டு மொழிகளுக்கு நடுவிலுள்ள கோணலைக் காட்டுகிறது. ஒரு சொல்லின் உட்பிரிவுகளைக் காட்டுவதாக எடுத்துக்கொண்டால் வழி தவறிவிடும். எதிர்த்திசையிலும் இது பொருந்தும். புத்தி ஓடவில்லை என்பதையும், கிண்டல் செய்வதைக் குறிக்கும் இளைஞர் வழக்கான ‘ஓட்டுவது’ என்பதையும் ஆங்கிலத்தின் ‘ரன்’ தொடாது.

எல்லைகள் செயற்கை என்றால் அகராதியே வீண் என்றாகாதா என்பது அடுத்த மறுப்பு. ஆங்கில அகராதியியலாளர் ஆடம் கில்கரிஃப் 1997-இல் எழுதிய கட்டுரையில், சொற்பொருள்களில் தமக்கு நம்பிக்கையில்லை என்று தலைப்பிலேயே அறிவித்தார். பயன்பாடுகளின் திரளே மெய். பொருள் என்பது ஒரு நோக்கத்துக்காக நாம் அவற்றைத் தொகுக்கும் தொகுப்பு என்பது அவர் நிலை. அகராதி வேலையில் தோய்ந்தவர் ஒருவர் இதைச் சொன்னது கவனிக்கத்தக்கது. தொகுப்பு செயற்கையாக இருப்பதால் பயனற்றதாகிவிடாது. மாவட்ட எல்லையும் செயற்கைதான், அதை வைத்துத்தான் நிர்வாகம் நடக்கிறது. மொழி கற்பவருக்கு 20 பிரிவு போதும், வரலாற்றாய்வாளருக்கு 600 வேண்டும். பிழை பிரிப்பதில் இல்லை; ஒரு தேவைக்காகப் பிரித்ததைச் சொல்லின் பண்பாகப் பறைசாற்றுவதில் இருக்கிறது.

மூன்றாவது மறுப்பே வலுவானது. ஆக்ஸ்ஃபோர்டின் ஒவ்வொரு பிரிவுக்கும் பின்னால் ஆண்டு குறித்த மேற்கோள் சான்றுகள் இருக்கின்றன. ஆகவே 645 என்பது கற்பனை அல்ல. உண்மை. அந்த எண்ணுக்கு மதிப்பு இருக்குமானால் அது இங்கேதான். ஆனால் அது அளப்பது திரட்டப்பட்ட சான்றின் அடர்த்தியை. 19ஆம் நூற்றாண்டு முதல் தன்னார்வலர்கள் நூல்களைப் படித்துத் தாள்துண்டுகளில் எழுதி அனுப்பிய மேற்கோள்கள் அந்த அகராதிக்கு அடித்தளம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1965-இல் தொடங்கி 2009-இல் வெளிவந்த வரலாற்றுச் சொற்களஞ்சியம் அதே பொருள்களைக் கருத்து வாரியாக மறு அடுக்குச் செய்தது. 44 ஆண்டு உழைப்பு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924–1936) இலக்கியச் சான்றுகளை மதிப்போடு தந்தது. ஆனால் நாளிதழும் பட்டறையும் பேருந்து நிலையமும் ‘ஓடு’ என்பதற்குச் சேர்த்த பொருள்களை அந்த அளவுக்குத் துருவவில்லை. தற்கால வழக்கைத் தனியே பதிவு செய்ய 1992-இல் க்ரியாவின் அகராதி வரவேண்டியிருந்தது. ‘ஓடு’ என்பதற்கு ‘ரன்’னைவிடப் பொருள் குறைவு என்று யாராவது சொன்னால், யார் எவ்வளவு காலம் தேடினார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

அப்படித் தேடப் புகுவோருக்கு ‘கண்ணோட்டம்’ ஒரு நல்ல தொடக்கம். திருக்குறளின் 58ஆம் அதிகாரத் தலைப்பு அது. அங்கே அதற்கு இரக்கம் என்று பொருள், தனக்கு வேண்டியவர்பால் கண் ஓடுவதால் எழும் இரக்கம். இன்றைய கட்டுரைகளில் அதே சொல் ‘பார்க்கும் கோணம்’ என்ற பொருளில் வருகிறது. ஒருவருக்குக் கண்ணோட்டம் உண்டு என்றால் அவர் இரக்கமுள்ளவர் என்று இன்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பழைய பொருள் எந்தப் பத்தாண்டில், யாருடைய எழுத்தில் விலகியது, இரண்டும் அருகருகே எவ்வளவு காலம் வாழ்ந்தன என்பதை ஆண்டுவாரியான மேற்கோள்கள்தாம் காட்ட முடியும். இதை ஒரு சொல்லின் இரண்டு பொருள்கள் என்று பதிவதா, இரண்டு சொற்கள் என்று பதிவதா என்பது அதற்குப் பிறகு எழும் கேள்வி.